கிளிநொச்சியில் பத்து ஞாயிறுகள்: தாதியருக்கான ஆய்வு முறையியல், புள்ளிவிபரவியல் வகுப்பு

பத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை, மொத்தம் 7,500 ரூபாய். மூன்று தவணையாகக் கட்டலாம். கடைத் தொகுதி ஒன்றின் மேல்மாடியில் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு மின்விசிறி. வகுப்புக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. எங்கள் வைத்தியசாலையில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் சொல்லித்தான் போனேன். நடத்துபவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஓய்வுக்குப் பிறகு சில வருடம் சுகாதார ஆய்வுகளுக்குத் தரவு திரட்டும் வேலையும் செய்திருக்கிறார். எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுகிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டு வருடமாகத் தாதிய உத்தியோகத்தர். வேலையோடு சேர்த்துத் தொலைக்கல்வியில் பட்டப்படிப்புப் படிக்கிறேன். கடைசி வருடத்தில் ஒரு ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். என் தலைப்பு, நீரிழிவு நோயாளரின் பாதப் பராமரிப்பு: அவர்களுக்கு என்ன தெரியும், என்ன செய்கிறார்கள் என்பது. வன்னியில் இந்தத் தலைப்புக்குக் காரணம் தேடத் தேவையில்லை. வெறுங்காலோடு வயலுக்குள் இறங்கி, காலில் குத்தினது தெரியாமல் புண் பழுத்த பிறகு வாட்டுக்கு வருகிறவர்களை நான் கழுவிக் கட்டியிருக்கிறேன். விரல் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பாடத்தைச் சித்தியடைந்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. நான் கண்டுபிடிக்கப்போவது உண்மையாக இருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு இருந்தது.

இதற்கு முன் இணையவழி வகுப்பு ஒன்றுக்குக் காசு கட்டினேன். பெயர் வேண்டாம். நூற்றுக்கணக்கான ஸ்லைடு, சூத்திரத்துக்கு மேல் சூத்திரம், முன்கூட்டியே பதிவு செய்த குரல். எந்தச் சோதனையை எப்போது போடுவது என்று ஓர் அட்டவணை தந்தார்கள். பாடமாக்கினேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் வழி இருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து நியம விலகல் என்றால் என்ன என்று ஒரு தங்கை கேட்டபோது என்னால் ஒரு வசனம் சொல்ல முடியவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதை வைத்துக்கொண்டுதான் முதல் ஞாயிறு போனேன். விசுவமடுவில் ஆறே முக்கால் பஸ், தர்மபுரம், முரசுமோட்டை, பரந்தன் சந்தி திரும்பிக் கிளிநொச்சி. பதினெட்டுப் பேர் இருந்தோம். தாதியர்தான் கூட. ஒரு மருந்தாளர், இரண்டு ஆய்வுகூடக்காரர், குடும்பநல உத்தியோகத்தர்கள் மூவர். டீச்சர் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "உங்கட கேள்வி என்ன?" நான் தலைப்பைச் சொன்னேன். "அது தலைப்பு பிள்ளை. கேள்வியைச் சொல்லுங்கோ." என்னால் சொல்ல முடியவில்லை. பதினெட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் முடிந்தது. முதல் நான்கு மணித்தியாலமும் அதிலேயே போனது. யாரை, எங்கே, எதை அளந்து, யாரோடு ஒப்பிட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வரி இருந்தது. என் வரியை இன்றைக்கும் கொப்பியின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் கிழமை இடை (சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), ஆகாரம் (அதிக தடவை வரும் எண்). சாதாரண தரத்தில் படித்ததுதானே என்று அலட்சியமாக இருந்தோம். டீச்சர் பாம்புக்கடி வாட்டை எடுத்தார். ஏழு பேர் தங்கிய நாட்கள்: 2, 3, 3, 4, 4, 5, 42. கடைசி ஆள் கண்ணாடிப் புடையன் கடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். கூட்டினால் 63, ஏழால் பிரித்தால் இடை 9 நாள். அந்த வாட்டில் ஒருவர்கூட ஒன்பது நாள் இருக்கவில்லை! இடையம் 4. "கட்டில் எத்தினை வேணும் எண்டு கணக்குப் போடேக்க மொத்த நாள் வேணும், அதுக்கு இடை உதவும். கடிபட்டு வந்த ஆளின்ர மனுசிக்கு எப்ப வீட்டை போகலாம் எண்டு சொல்லேக்க இடையத்தைச் சொல்லுங்கோ." ஒரே ஏழு எண்கள், இரண்டு கேள்வி, இரண்டு விடை. நியம விலகலையும் அதே ஏழு எண்ணை வைத்தே, ஒவ்வொருவரும் அந்த ஒன்பதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று கையால் போடவைத்தார். கல்குலேட்டரில் வர்க்கம் எடுத்து, கூட்டி, பிரித்து, வர்க்கமூலம் கண்டு முடித்தபோது, அந்த ஒரு மனிதரின் 42 நாள் எல்லாவற்றையும் எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்று கண்ணால் பார்த்தேன். தங்கை கேட்ட கேள்விக்கு அன்றே போன் எடுத்து விடை சொன்னேன்.

மாதிரி எடுக்கிற பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தம்பி எழும்பி, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றுதானே சொல்வார்கள், பிறகு ஏன் முந்நூறு நானூறு பேர் என்று கேட்டான். நல்ல கேள்வி என்றார் டீச்சர். சோற்றைக் கிளறி விட்டுத்தான் ஒரு பருக்கை எடுக்கிறோம், ஊர் கிளறிய பானை இல்லை என்றார். பிறகு நெல் வியாபாரியின் குத்தூசியைச் சொன்னார். நம் எல்லோருக்கும் தெரிந்த சாமான். சாக்கின் வாயைத் திறந்து மேலே உள்ள நெல்லைப் பார்த்து ஒருத்தரும் விலை சொல்வதில்லை. குத்தூசியை நடுவிலும் அடியிலும் குத்தி எடுப்பார்கள், ஈரமும் பதரும் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு. கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் எடுத்தால் அது சாக்கின் மேல் நெல்.

என் ஆய்வில் அது நேராக வந்து அடித்தது. மாசி மாதம் கிளினிக்கில் தரவு எடுப்பதாக எழுதியிருந்தேன். மாசியில் காலபோக அறுவடை. வயலுக்குப் போகிற நீரிழிவுக்காரர், அதாவது யாருடைய காலுக்கு அதிக ஆபத்தோ அவரே, அந்த மாதம் கிளினிக்குக்கு வருவது குறைவு. வீட்டில் இருக்கிறவர்களையும் ரவுணில் இருக்கிறவர்களையும் கேட்டுவிட்டு, வன்னியில் பாதப் பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியிருப்பேன். காலத்தை மாற்றினேன், கிளினிக் பதிவேட்டிலிருந்து எழுமாறாகப் பெயர் எடுத்து, வராதவர்களை அடுத்த தவணையில் பிடிப்பதாகத் திட்டத்தை மாற்றினேன்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கும் அன்றுதான் விளக்கம் கிடைத்தது. எல்லா ஆய்வறிக்கையிலும் 384 அல்லது 385 என்ற எண்ணைக் கண்டிருப்பீர்கள். 1.96 இன் வர்க்கம், அதை 0.5 ஆலும் மீண்டும் 0.5 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் பிரித்தால் 384.16. 1.96 என்பது 95 வீத நம்பிக்கைக்குரிய எண். 0.5 ஏன் என்றால், விகிதம் முன்கூட்டித் தெரியாதபோது அதுதான் ஆகக் கூடிய மாதிரியைக் கேட்கும், அதனால் பாதுகாப்பு. 0.05 நாம் பொறுத்துக்கொள்ளத் தயாரான பிழை. இவ்வளவுதான். கிளினிக்கில் பதிவானவர்களே 600 பேர் என்றால், மொத்த ஆட்களே குறைவு என்பதற்கான திருத்தம் போட்டு 235 பேர் போதும் என்றும் காட்டினார். இரவு ட்யூட்டிக்கும் பகல் ட்யூட்டிக்கும் இடையில் தரவு எடுக்கிற ஒருத்திக்கு 150 பேர் குறைவது என்றால் என்னவென்று, செய்தவர்களுக்குத் தெரியும்.

நான்காம், ஐந்தாம் கிழமை இரண்டும் சம்மதம் பெறுவது பற்றியே. இரண்டு முழு வகுப்பு. அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பொறுமை போனது, பாடத்திட்டத்தில் அது ஓர் அத்தியாயம்தானே என்று நினைத்தேன். இப்போது அந்த இரண்டு கிழமைக்காகவே 7,500 ரூபாய் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

வன்னிச் சனம் எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் பதிவு. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் பதிவு. திரும்பி வந்தபோது பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, காணாமல்போனவர்களுக்காகப் பதிவு. சிலதால் ஏதோ கிடைத்தது, பலதால் ஒன்றும் கிடைக்கவில்லை, சிலதை நினைத்தால் இன்றைக்கும் பயம். அப்படிப்பட்ட ஓர் அம்மாவின் முன்னால் நான் சீருடையோடு போய் ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்து வையுங்கோ என்றால், அவர் வைப்பார். அது சம்மதம் இல்லை. டீச்சர் எங்களை இரண்டு இரண்டு பேராக இருத்தி நடிக்கவைத்தார். எனக்கு நோயாளியாக வந்த குடும்பநல உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார்: "ஏன் பிள்ளை, இப்ப எத்தினையாந்தரம் எங்களை எழுதப் போறியள்?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவர் நடிக்கவில்லை, தன் தாயார் சொன்னதைச் சொன்னார்.

1964 ஹெல்சிங்கி பிரகடனம் (மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஒழுக்கநெறி) என்று பரீட்சைக்குப் பாடமாக்கிய வரிகள் அப்போதுதான் எனக்குள் இறங்கின. தகவல் தாளை நாமே சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் மருந்திலோ கவனிப்பிலோ ஒன்றும் மாறாது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும், கடைசியில் இல்லை. யோசித்து அடுத்த கிளினிக்கில் சொல்லலாம் என்று நேரம் கொடுக்க வேண்டும். பெயர் எழுதும் பட்டியலையும் விடைத்தாளையும் வேறு வேறாகப் பூட்டி வைக்க வேண்டும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கைக்கு வருமுன் ஒரு ஆளிடம்கூட ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது.

வினாக்கொத்துப் பாடத்தில் என் பிழை ஒன்று பிடிபட்டது. "தினமும் உங்கள் பாதங்களைப் பரிசோதிக்கிறீர்களா?" என்று எழுதி, சோதனைக்காகச் சிலரிடம் கேட்டிருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஓம் என்றார்கள். சந்தோசமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் கேட்டது இரண்டே கேள்வி. யார் கேட்டது? என்ன உடுப்போடு? நான், சீருடையில், மருந்து எடுக்க வரிசையில் நின்றவர்களிடம். மிஸ் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். பிறகு வேறு ஆட்களிடம், லீவு நாளில், சாதாரணச் சட்டையில் போய், "நேற்று எப்ப கால் பார்த்தனீங்கள்? எப்படிப் பார்த்தனீங்கள்?" என்று கேட்டேன். பாதிக்குக் குறைவானவர்கள்தான் ஏதாவது சொல்ல முடிந்தது. அடிப்பாதத்தைப் பார்க்கக் கண்ணாடி வைத்திருந்தவர் ஒருவர் மட்டும். அந்த ஐயாவின் முகம் எனக்கு மறக்காது, அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

பரிசோதனைகளின் நம்பகம் பற்றிய வகுப்பில் ஆய்வுகூடக்காரர் இருவரும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்கள். நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாக விடும், அப்படி ஒரு சோதனை. ஆயிரம் காய்ச்சல்காரரில் 300 பேருக்கு நோய் என்றால், 270 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 70 பேர் பிழையாக. பொசிட்டிவ் வந்த ஐந்து பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு நோய் உண்மை. அதே சோதனை, ஆனால் ஆயிரத்தில் பத்துப் பேருக்குத்தான் நோய் என்றால்? 9 பேர் சரி, 99 பேர் பிழை. பொசிட்டிவ் வந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் நோய். சோதனை மாறவில்லை, ஊர் மாறியிருக்கிறது. காய்ச்சல் என்றாலே மலேரியா என்றிருந்த வன்னியையும், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்த பிறகுள்ள வன்னியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டீச்சர் இதைப் போட்டார். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், மலேரியாச் சோதனைகள் இதைவிடத் துல்லியமானவை என்றும் சொன்னார். என் அம்மாவுக்கு மலேரியா வந்து நடுங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நோயின் பரவலுக்கும் ஒரு சோதனை முடிவின் அர்த்தத்துக்கும் உள்ள உறவு எனக்கு இனி மறக்காது.

குழப்பக் காரணிக்கு, அதாவது ஒன்றைக் காரணம் போலக் காட்டிவிடும் வேறொரு காரணிக்கு, வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயை எடுத்தார். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் இன்னும் தீர்மானமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருக்கு நோய் கூட என்று கண்டால் தண்ணீர்தான் காரணமா? கிணற்றுத் தண்ணீர் குடிப்பவரே வயலில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர், மருந்தடிப்பவர், வயது கூடியவர். எது எதை இழுக்கிறது என்று பிரிப்பதற்குத்தான் வயதிலும் வேலையிலும் ஒத்த ஒப்பீட்டுக் குழு. அன்று வகுப்பு முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை, ஒரு மணி வரை வாதம்.

புளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் பேசினார். தாதியர் தினத்தில் விளக்கோடு நிற்கும் படத்தைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். கிரிமியப் போரில் படையினர் காயத்தைவிடத் தொற்றுநோயால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதை 1858 இல் வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தை அசைத்தவர் அவர். பின்னாளில் அரச புள்ளிவிபரவியல் சங்கமான அமைப்பில் சேர்ந்த முதல் பெண்ணும் அவரே. இந்தப் பாடம் நம் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

பி பெறுமானம், நம்பிக்கை ஆயிடை, கை வர்க்கச் (chi-square) சோதனை, டி சோதனை எல்லாம் ஏழாம் எட்டாம் கிழமையில். தெளிவாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பி 0.03 என்றால் சூனியக் கருதுகோள் (வித்தியாசம் ஒன்றும் இல்லை என்ற எடுகோள்) உண்மையாக இருக்க 3 வீத வாய்ப்பு என்று பலர் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். அது பிழை. உண்மையில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர 3 வீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். இதை டீச்சர் நான்கு தடவை, நான்கு விதமாகச் சொன்னார். மாதிரி பெரிதாக இருந்தால் இரத்தச் சீனியில் 2 அலகு (mg/dL) வித்தியாசம்கூடச் சின்ன பி தரும், அதனால் நோயாளிக்கு ஏதும் நன்மையா என்பதைத் தாதிதான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

இனிக் குறைகள். கணினிப் பகுதிக்கு ஒரே ஒரு காலைதான். பதினெட்டுப் பேருக்கு நான்கு லப்டொப். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதால் இலவசமான ஜமோவியைக் காட்டினார். ஆர் (R) என்ற கணினி மொழிக்கு மேல் கட்டப்பட்டது, என் பழைய லப்டொப்பிலும் தடையில்லாமல் ஓடுகிறது, தெரிவு நல்ல தெரிவு. ஆனால் நேரம் போதாது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கரண்டும் போய்விட்டது. விடை தெரியாதவர்களுக்கு வயதுப் பகுதியில் 99 என்று பதிந்த ஒரு தங்கை, அது விடுபட்ட விடை என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்து, சராசரி வயது ஏறிப்போய்த் தடுமாறினாள். அதைக் கண்டுபிடித்தது நல்ல பாடம். அதைப்போல இன்னும் பத்து இருக்கும், அவற்றைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. குறைந்தது மூன்று காலை வேண்டும்.

பண்புசார் ஆய்வு, அதாவது நேர்காணல் செய்து ஆட்களின் அனுபவத்தைக் கேட்பது, அரை மணித்தியாலத்தில் முடிந்தது. டீச்சர் கணித ஆசிரியை, அவருக்கு அது தூரம். விரல் இழந்த ஒருவர் திரும்ப வயலுக்கு இறங்கும்போது என்ன நினைக்கிறார் என்பதை எந்த எண்ணாலும் நான் அறிய முடியாது. அந்தப் பக்கம் ஆய்வு செய்பவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது.

அச்சடித்த குறிப்பு இல்லை. விளக்கம் தமிழில், பரீட்சையும் அறிக்கையும் ஆங்கிலத்தில். நியம விலகல், செவ்வன் பரம்பல், ஆயிடை என்று தமிழில் விளங்கியதை ஆங்கிலச் சொல்லோடு பொருத்திக்கொள்வது நம் பாடு. நானும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சொற்பட்டியல் போட்டோம், புதிதாகச் சேருபவர்கள் கேட்டால் தருவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து, தன் அறிக்கையை முழுதாகச் செய்து தந்தால் எவ்வளவு என்று கேட்டார். டீச்சர் கோபப்படவில்லை. உங்களோடு இருந்து எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கிறேன், எழுத மாட்டேன் என்றார். அந்த ஆள் போய்விட்டார். அப்படிச் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இந்தப் படிப்புப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த பிரிவு சிறுபோக அறுவடைக்குப் பிறகு தொடங்குமாம். இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருபவர்கள் ஏழு மணிக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள், அதற்குப் பிந்தியது ஞாயிறில் நம்பமுடியாது. சாதாரண கல்குலேட்டர் போதும், வர்க்கமூலம் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லப்டொப் இருந்தால் ஒன்பதாம் கிழமைக்கு முதல் ஜமோவியை இறக்கி வையுங்கள், அங்கே இணைப்பு மெதுவானது. தண்ணீர்ப் போத்தல், ஒரு துவாய், ஏனென்றால் பதினொரு மணிக்குப் பிறகு மேல்மாடி வேகும். முதல் நாள் போகும்போது உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள், டீச்சர் அதைத்தான் முதலில் கேட்பார்.